கோடியக்கரை வழியாகத் தொண்டிக்கு

பின்கதவைத்தான் திறந்தேன். கை தானாகப் போயிற்று. மழைக்காலத்தில், பரீட்சை டியூட்டி நாட்களில், யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது கும்பலாகக் கிளம்பும்போது, சாருடைய இந்த வெள்ளைக் காரின் பின்சீட்டில்தான் நானும் சயின்ஸ் டீச்சரும் நெருக்கிக்கொண்டு உட்காருவோம், முன்சீட்டு பி.டி. மாஸ்டருக்கு. அந்த பி.டி. மாஸ்டரே போன வாரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டு மைசூர்பாகும் தின்றுவிட்டுப் போய்விட்டார், என் கைக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. சார் சுற்றிக்கொண்டு வந்து என் பையை வாங்கிப் பின்சீட்டில் வைத்து, நான் பை வைக்கத்தான் அந்தக் கதவைத் திறந்தேன் என்று ஆக்கிவிட்டு, முன்கதவைத் திறந்துவிட்டார். "வெயில் உங்க பக்கம்தான் அடிக்கும். கண்ணு கூசுனா சொல்லுங்க டீச்சர்" என்றார். நல்ல மனுஷர். மனசு நோகாமல் ஒரு தப்பை மூடத் தெரிந்தவர். ஆனால் டீச்சர் என்கிறாரே. நானும் சார் என்கிறேனே. சட்டப்படி புருஷன் பெண்டாட்டி, வாய்ப்படி கணக்கு சாரும் தமிழம்மாவும். நாகப்பட்டினத்துப் பாதி ஜனம் இன்னும் எங்களை அப்படித்தான் சொல்கிறது, பாவம், அதுகளைச் சொல்லி என்ன, நாங்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

வேளாங்கண்ணி தாண்டியதும் கூட்டம் குறைந்து ரோடு எங்களுக்கு மட்டும் போட்டது மாதிரி ஆகிவிட்டது. சவுக்குத் தோப்புகளுக்கு இடையில் அங்கங்கே கடல் தலைகாட்டிவிட்டு ஒளிந்துகொள்கிறது. கண்ணாடியை இறக்கினால் தை மாசத்துக் காற்று, கொஞ்சம் மீன், கொஞ்சம் பனி. நேற்று ராத்திரி கயல் கேட்டது காதுக்குள் அப்படியே இருக்கிறது. சாருக்கு ஒரே மகள், தொண்டியில் வாழ்க்கைப்பட்டவள். சார் என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார், அவருக்குக் காது மந்தம், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நான் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "வாங்கப்பா, ரெண்டு பேரும் வாங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவங்கள நான் என்னன்னுப்பா கூப்பிடுறது?" சார், "நேர்ல வந்து பேசிக்கலாம்மா" என்றார். நான் கரைத்த புளியையே கரைத்துக்கொண்டிருந்தேன். அவள் கோபத்தில் கேட்கவில்லை, அதுதான் உறைத்தது, சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டாள். என்ன பதில் இருக்கிறது. அம்மா என்றால் அந்தச் சொல்லுக்கு ஆள் இருந்தாள், மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் போனாள், அமிர்தம், நானே போய் மாலை போட்டேன். சித்தி என்றால் முறைப்படி சரி, ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் கரண்டியைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். ஆன்ட்டி என்றால் மாடி வீட்டுக்காரி. டீச்சர் என்று கூப்பிட்டால், கூப்பிட்டால், அவளும் சேர்ந்து நான் ஒரு டீச்சர் என்று முடிவு கட்டியதாக ஆகும். எனக்குப் பிள்ளை இல்லை. நாகப்பட்டினத்தில் தெருவுக்கு ஒருத்தர் என்னை டீச்சர் என்கிறார்கள், வேறு எதுவாகவும் யாரும் கூப்பிடுவதில்லை.

பாலத்தில் ஏறும்போது கருடன். பழுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, சரியாகக் காருக்கு நேர் மேலே. சார் ஸ்டீரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சார், ஸ்டீரிங்க பிடிங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கார் பாலத்தின் ஓரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. "பெருமாள் வாகனம் டீச்சர், பார்த்துட்டுப் போடாம இருக்கக்கூடாது" என்றார். "பெருமாள் கிட்டயே கொண்டுபோய் விட்டுருப்பீங்க." சிரித்தார். சிரித்தால் அவருக்கு இடது கண் மட்டும் சுருங்கும், ஸ்டாஃப் ரூமில் எதிர் நாற்காலியில் இருந்து பார்த்துப் பார்த்து எனக்கு அது மனப்பாடம். இவ்வளவு சுலபமாகத்தான் இருக்கிறது, பேச்சு, சிரிப்பு, எல்லாம், அந்த ஒரு சொல்லுக்கு வரும்போது மட்டும் தொண்டையில் எலும்பு நிற்கிறது. ஏங்க. அவ்வளவுதான். சின்னச் சொல். சொல்லிப் பார்த்தேன் போன வாரம், கண்ணாடி முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு. என் முதல் புருஷன் கலியமூர்த்தி வந்து நின்றுவிட்டார். கண்டக்டர் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "என்னா மணி" என்று கேட்கிற அதே முகம். தவமணி என்கிற பெயரை மணி என்று சுருக்கியது அவர் ஒருத்தர்தான், ஏங்க என்று நான் நீட்டியது அவர் ஒருத்தரைத்தான். அவர் போன பிறகு அந்தச் சொல்லை நான் எடுக்கவே இல்லை. இப்போது எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்தால் அவரிடமிருந்து பிடுங்குகிற மாதிரி இருக்கிறது. கொடுக்காமல் இருந்தால் இவரை வாசலிலேயே நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனை வருஷம் விளி வேற்றுமை நடத்தியிருப்பேன். எட்டாம் வேற்றுமை, இதற்கு உருபு கிடையாது, பெயரே திரிந்து அழைப்பாகும், மகன் மகனே ஆவான், அம்மை அம்மா ஆவாள், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட நீளும், பக்கத்தில் இருப்பவருக்கு நீளாது. பக்கத்தில் கியரைப் பிடித்துக்கொண்டு இருப்பவரைக் கூப்பிட ஒன்றும் அகப்படவில்லை.

வேதாரண்யத்தில் டீக்கடை. பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே குடித்தோம். "சார், சக்கரை கம்மியா சொல்லட்டுமா?" என்று கேட்டேன், "ஆமா டீச்சர்" என்றார், கடைக்காரம்மா பாய்லரிலிருந்து தலையை எடுத்து எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தது. "எந்த ஸ்கூலுங்க ரெண்டு பேரும்? பிள்ளைவொள டூர் கூட்டியாந்திருக்கீங்களா?" இல்லை என்று தலையாட்டினேன். "சும்மா வந்தோம்மா." "ஓகோ. கூட வேல பாக்குறவங்களா?" இதற்கு ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், நான் ஆமாம் என்றேன். சொல்லிவிட்டு டீயைப் பார்த்தேன். சார் போன வருஷம் ரிடயர் ஆகிவிட்டார், ஆக அது பொய்கூட. அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்ததும் காதில் விழுந்தது. காரில் ஏறிய பிறகு, "அது ஒண்ணும் தப்பில்ல டீச்சர். நம்மளப் பார்த்தா யாரும் அப்படித்தான் நினைப்பாங்க" என்றார். அவருக்கு வலித்தது. எனக்குத் தெரியும். வலித்தால் அவர் குரலில் ஒரு பாடம் நடத்துகிற தொனி வரும். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் முதல் சொல்லே சார் என்றுதான் வருகிறது, மூடிக்கொண்டேன். இப்படியே தொண்டிக்குப் போய் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிகிறது. கயல் எங்களை உட்காரவைத்து நல்லபடியாகச் சோறு போடுவாள். நான் ஒரு சார் போடுவேன், அவர் ஒரு டீச்சர் போடுவார். அவள் புரிந்துகொள்வாள், இது கல்யாணமில்லை, ஏதோ ஒத்தாசை என்று. இன்னும் அவர் காடம்பாடியில் அவர் வீட்டில், நான் வெளிப்பாளையத்தில் என் வீட்டில். கயலைப் பார்த்துவிட்டு வந்து ஒரே வீட்டுக்குப் போகலாம் என்று பேச்சு. அவள் முகம் கோணினால் திரும்பி வரும் வழியில் அவர் "டீச்சர்..." என்று ஆரம்பிப்பார், நான் அவரை முடிக்கவிடாமல் "பரவால்ல சார்" என்பேன். அந்த சார் அப்போது எனக்கு ரொம்ப வசதியாக இருக்கும். பழைய நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். இதற்காகத்தான் அதை விடாமல் வைத்திருக்கிறேனா என்று நினைத்தபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

தொண்டிக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும், சார் திரும்பவில்லை. "கோடியக்கரைய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவமா? பறவை சீசன்." கோடியக்கரைக்கு அப்பால் ரோடு கிடையாது, கடல்தான், போன வழியே திரும்பித்தான் வரவேண்டும். சுற்று வழி என்றுகூடச் சொல்ல முடியாது. நான் சரி என்றேன். இவருக்கும் பயம். மகளுக்குப் பயப்படுகிறார், அறுபது வயதில், பரீட்சைக்கு முன்னால் ஒன்றுக்கு வருது சார் என்று வெளியே போகிற பையன் மாதிரி. அதைக் கண்டுபிடித்ததும் எனக்கு அவர்மேல் இருந்த கூச்சம் கொஞ்சம் இளகியது. இரண்டு பக்கமும் உப்பளம், பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதில் வானம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு வெளிறிய ரோஜா நிறக் கோடு. முதலில் ஏதோ துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். "பூநாரை" என்று சார் காரை ஓரம் கட்டினார். கோடு அசைந்தது. தலையைக் கவிழ்த்து, மூக்கைத் தலைகீழாகச் சேற்றில் வைத்துத் தின்றுகொண்டிருந்தன, அத்தனையும் ஒரே மாதிரி, ஒன்றும் அவசரப்படவில்லை. "ஆயிரத்துக்குக் குறையாது" என்றார். எண்ணுவார் என்று தெரியும். பத்துப் பத்தாக விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தார், நான் எண்ணவில்லை, சும்மா பார்த்தேன். திடீரென்று எதற்கோ அத்தனையும் எழும்பின, எழும்பினபோதுதான் இறக்கைக்கு அடியில் சிவப்பும் கறுப்பும் தெரிந்தது, நிற்கும்போது அது ஒன்றும் வெளியே காட்டவில்லை. அவர் கணக்கு விட்டுப்போயிற்று. விரலை மடித்தபடியே வாயைத் திறந்துகொண்டு நின்றார். நான் ரொம்ப நாள் கழித்துச் சந்தோஷமாக இருந்தேன். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் மறுபடியும்.

கோடியக்காட்டுக்குள் ரோடு நுழைந்ததும் நிழல். ஒரு நரி குறுக்கே போயிற்று, இடமிருந்து வலமா வலமிருந்து இடமா எது நல்லது என்று எங்களுக்குள் சண்டை. "நமக்கு இடம்னா அதுக்கு வலம் டீச்சர், எந்தப் பக்கத்துலேர்ந்து பாக்குறோங்கறதுதான் கணக்கு" என்று சார் தீர்த்து வைத்தார். காடு விலகிப் புல்வெளி வந்த இடத்தில் வெளிமான்கள். பெட்டைகள் மேய்ந்துகொண்டிருக்க, கிடா ஒன்று தனியாக நின்றது, முறுக்கிய கொம்பு, கரிய முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி யாரோ சுண்ணாம்பு தடவிவிட்டது போல வட்டம். எங்களைப் பார்த்தது. சார் எஞ்சினை அணைத்தார். கலியமூர்த்தியுடன் நான் எங்கேயும் இப்படிப் போனதில்லை, பஸ்ஸிலேயே வாழ்ந்த மனுஷர், லீவு நாளில் வண்டியைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். அதைச் சொல்லி அவரைக் குறைப்பதற்கில்லை. இது வேறு. அவருடன் இருந்தது அவருடன் முழுசாக இருந்தது, இந்த மான் அதில் இல்லை. இதை நான் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. அமிர்தம் இங்கே வந்திருப்பாளா. கேட்டேன். "அமிர்தத்த கூட்டியாந்திருக்கீங்களா இங்க?" அவர் மானைப் பார்த்தபடியே சொன்னார். "கூப்புட்டேன். வெயிலு, கொசு, மான ஜூவுல பாத்துக்கலாம்னுட்டா." இரண்டு பேரும் சிரித்தோம், அவளை வைத்துக்கொண்டே சிரித்த மாதிரி இருந்தது. கிடா துள்ளிக் குதித்துப் போய்விட்டது, பெட்டைகளும் பின்னாலேயே.

இன்னும் கொஞ்சம் போனதும் மட்டக்குதிரைகள் ரோட்டோரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. எந்தக் காலத்திலோ யாரோ வளர்த்து விட்டுப்போன குதிரைகள், கேட்பாரில்லாமல் காட்டுக் குதிரை ஆகிவிட்டவை என்று சார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கயல். அவர் காரை நிறுத்தி, இறங்கி, டவர் தேடிப் பின்பக்கமாக நடந்தார். ஸ்பீக்கரில் அவள் குரல் விட்டு விட்டு வந்தது, எங்கப்பா இருக்கீங்க, சோத்துக்கு வந்துருவீங்களா. நான் கேட்கக்கூடாது என்று கீழே இறங்கி முன்பக்கம் போனேன். ஒரு குட்டி. மண் நிறம், கால்கள் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் நீளம், நெற்றியில் ஒட்டுப்புல் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துக் காதை முன்னால் வைத்தது, நான் கையை நீட்டினேன், இரண்டு அடி வைத்தேன், அதுவும் ஒரு அடி வைத்தது. எனக்கு அதைத் தொட வேண்டும் போல இருந்தது, எதற்கு என்று தெரியவில்லை, அதன் மூச்சு விரலில் பட்டது. புதருக்குள்ளிருந்து கிளைகள் ஒடிகிற சத்தம் கேட்டபோதுகூட நான் திரும்பவில்லை. பின்னால் சார் கத்தினார். அவருக்கு அப்படிக் கத்த வரும் என்றே எனக்குத் தெரியாது.

"அமிர்தம்! அங்க நிக்காத, பின்னால வா!"

நான் பின்னால் வந்துவிட்டேன். யாரைக் கூப்பிட்டார் என்று ஒரு கணம்கூடத் திகைக்கவில்லை, உடம்பு திரும்பிவிட்டது. திரும்பினால் அவர் என்னை நோக்கி ஓடி வருகிறார், செருப்பு ஒன்று கழன்று கிடக்கிறது, பெரிய ஆண் குதிரை காதை மடக்கிக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் பாய்கிறது. "ஏங்க, நீங்க வராதீங்க, அங்கயே நில்லுங்க" என்று யாரோ கத்துகிறார்கள். நான்தான். குதிரை என்னைத் தொடவில்லை, அவரையும் தொடவில்லை, குட்டியை இடித்துத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று, அதன் வியர்வை வாடை மட்டும் முகத்தில் அடித்தது. மற்ற குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தன. கார் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன், அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். என்ன சொல்லிக் கத்தினோம் என்று அப்போதுதான் அவருக்கு எட்டியிருக்கிறது, ஒரு பெரிய மனுஷர் இப்படி ஒடுங்கிப்போய் நான் பார்த்ததில்லை. எனக்கு வலிக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். வலிக்க வேண்டிய இடம்தான். வலிக்கவில்லை. அத்தனை வருஷமும் பயம் வந்தபோதெல்லாம் இவர் வாய் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டிருக்கிறது, வழுக்கின குளியலறைக்கும் அடுப்பில் பற்றிய முந்தானைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும். இவருடைய பயத்துக்கு வேறு சொல் கிடையாது. அந்தப் பயம் இன்றைக்கு எனக்காக வந்தது, நிக்காத என்று சொன்னது, வா என்று சொன்னது, வாங்க என்று சொல்லவில்லை. டீச்சர் என்று கத்தியிருந்தால்தான் நான் உடைந்துபோயிருப்பேன். ஏங்க என்று நான் கத்தியபோது கலியமூர்த்தி எங்கே இருந்தார். இருந்தாரோ இல்லையோ, வேண்டாம் என்று சொல்லவில்லை.

"தப்பா நினைச்சுக்காத... நினைச்சுக்காதீங்க" என்று சார் தடுமாறினார். அவர் கையில் போன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, ஸ்பீக்கரும் அணையவில்லை. அதற்குள்ளிருந்து கயல் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், எங்கள் இருவருக்கும் காதில் விழவில்லை. இப்போது விழுந்தது. "என்னப்பா ஆச்சு? அம்மா பேரச் சொல்லிக் கத்துனீங்களே. அம்மாவையாப்பா கூப்புட்டீங்க?" குரல் உடைந்திருந்தது. சார் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"இல்ல கயலு" என்றேன். "என்னையத்தான் கூப்புட்டாரு."